ஐடி அனுபவத்தை வைத்துத் தொண்டு நிறுவனத்தில் நல்ல வேலை கிடைக்குமா?

"ஆறு வருடம் ஐடியில் இருந்துவிட்டேன். தொண்டு நிறுவனம் எதிலாவது என் அனுபவத்துக்கு ஏற்ற வேலை கிடைக்குமா, எங்கே தேடுவது, சம்பளம் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும். நானே அப்படி ஒரு வேலையில்தான் இருக்கிறேன். ஏற்கெனவே பதில் எழுதியவர்கள் "அங்கே கம்ப்யூட்டர் வேலை என்ன இருக்கப்போகிறது, சனி ஞாயிறில் தன்னார்வலராகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுங்கள்" என்று முடித்துவிட்டதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கல்யாண வீடுகளில் கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சு இது. "தம்பி எங்க வேலை பாக்குது?" "மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு டிரஸ்ட்ல." "ஓ, சேவையா? சம்பளமெல்லாம் தருவாங்களா?" தருகிறார்கள். பிஎஃப் பிடிக்கிறார்கள். வீட்டு வாடகை அந்தப் பணத்தில்தான் போகிறது.

உங்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. முப்பதை ஒட்டிய வயது, ஓஎம்ஆரிலோ பெங்களூரிலோ ஒரு சர்வீஸ் கம்பெனி, யாரென்றே தெரியாத வெளிநாட்டு வாடிக்கையாளரின் பழைய மென்பொருளுக்கு டிக்கெட் (பழுதுப் புகார்) மூடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அங்கிருந்துதான் வந்தேன். ஐடி கம்பெனிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்குக் கைகொடுத்தது அந்தச் சம்பளம்தான்.

முதலில், அங்கே தொழில்நுட்ப வேலை இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது, அறக்கட்டளை நடத்துவது. இன்று சின்ன ஊர்களில் இருக்கும் அதன் பார்வை மையத்துக்கு வரும் நோயாளியிடம், நகரத்தில் இருக்கும் கண் மருத்துவர் காணொளி வழியே பேசுகிறார். சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்தை வைத்தே கண்டுபிடிக்கும் கூகுளின் ஆய்வில் பங்கெடுத்த மருத்துவமனைகளில் அரவிந்தும் ஒன்று. இவ்வளவும் நடக்க யாரோ நிரல் எழுத வேண்டும், நிறுவ வேண்டும், சர்வர் நின்றுபோனால் ராத்திரியில் எழுந்து சரிசெய்ய வேண்டும்.

அப்புறம் புதுச்சேரிப் பக்கம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை 1998இல் கிராம அறிவு மையங்களை அங்கே தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய தகவலை இணையத்திலிருந்து எடுத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைபேசியில் சொல்ல, அந்த ஊரின் அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த மையத்தில் இருந்தது சாதாரணக் கருவிகள்தான். ஆனால் அவை அந்தக் காலையில் வேலை செய்யும் நிலையில் இருந்தன. அப்படி வைத்திருப்பது ஒருவருடைய வேலை.

நிரல் எழுதுவதுதான் பிடிக்கும் என்றால் அதற்கும் இடம் உண்டு. நம் பள்ளிப் பாடநூல்களில் இருக்கும் க்யூஆர் கோடைத் திறக்கும் திக்ஷா என்ற கல்விச் செயலிக்கு அடித்தளமான சன்பேர்ட் மென்பொருள், எக்ஸ்டெப் என்ற லாப நோக்கற்ற அமைப்பில் உருவானது. நகராட்சிகளுக்கு மென்பொருள் செய்யும் இகவர்ன்மெண்ட்ஸ் ஃபவுண்டேஷன் 2003இலிருந்து பெங்களூரில் இருக்கிறது. சத்தீஸ்கரில் கனியாரி என்ற ஊர் மருத்துவமனையில் முதலில் ஓடிய பாம்னி என்ற மருத்துவமனை மென்பொருள் இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் ஓடுகிறது. இவை திறந்த மூலநிரல், அதாவது யாரும் பார்த்து மாற்றக்கூடிய நிரல் என்பதால் வேலையில் சேர்வதற்கு முன்பே அவற்றில் பங்களித்து உங்கள் கைத்திறனைக் காட்டலாம். நேர்முகத்தில் சான்றிதழைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

ஆனால் நான் சொல்ல விரும்புவது இந்தப் பெரிய இடங்களைப் பற்றி அல்ல. வேலை நிறைய இருப்பதும் ஆள் இல்லாமல் தவிப்பதும் நடுத்தர அமைப்புகளில்தான்.

நான் சேர்ந்தபோது என் பதவிக்கு எம்ஐஎஸ் (மேலாண்மைத் தகவல் அமைப்பு) அலுவலர் என்று பெயர். கிருஷ்ணகிரி மாவட்டத்து மலை ஊர்களில் வீடு வீடாகப் போய், வளர்ச்சி தாமதமாக இருக்கும் குழந்தைகளைக் கண்டறிந்து, தாய்மாருக்குப் பயிற்சி கொடுப்பதும், உடலியக்கச் சிகிச்சைக்கு அழைத்து வருவதும், மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதும் எங்கள் களப்பணியாளர்களின் வேலை. எனக்கு முன்னால் வெளியாள் ஒருவர் அவர்களுக்கு ஒரு செயலி செய்து கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தார். முழுக்க ஆங்கிலம். சிக்னல் இருந்தால்தான் திறக்கும். அஞ்செட்டியைத் தாண்டி மலைக்குள் போனால் சிக்னலுக்கு எங்கே போவது? அவர்கள் பகலில் நோட்டில் எழுதி, இரவு வீட்டில் சமையலை முடித்துவிட்டு அதையே திரும்பச் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிதி கொடுப்பவருக்குக் காலாண்டு அறிக்கை போகும் வாரத்தில் களத்துக்கே யாரும் போவதில்லை.

அந்தத் தரவை இறக்கி எக்செலில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். பெருங்கூட்டமான குழந்தைகள் ஜனவரி 1ஆம் தேதி பிறந்திருந்தார்கள். காரணம் மூத்த களப்பணியாளர் அக்கா ஒருவரோடு போனபோது தெரிந்தது. திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டியிடம் கேட்கிறார்: "பாப்பா எப்ப பொறந்துச்சும்மா?" "கேழ்வரகு அறுப்பு முடிஞ்ச சமயம். இவ அண்ணன ஸ்கூல்ல சேத்த வருசம்." செயலியோ தேதி போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அக்கா ஜனவரி 1ஐத் தட்டினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேதி தெரியலைன்னு ஒரு பட்டன் வெச்சுக் குடுத்தா நான் ஏன் தம்பி பொய்த் தேதி போடப்போறேன்?" என்றார்.

இது சின்ன விஷயம் இல்லை. கழுத்து எப்போது நிற்க வேண்டும், எப்போது குப்புற விழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பதெல்லாம் மாதக் கணக்கு. வயது தப்பானால் தாமதம் இல்லாத குழந்தை தாமதம் என்று வரும், உண்மையிலேயே சிகிச்சை தேவைப்படும் குழந்தை நன்றாக இருப்பதாக வரும்.

கோபோ டூல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்கு மாறினோம். மனிதநேய அமைப்புகள் உலகம் முழுக்கப் பயன்படுத்துவது. படிவத்தை எக்செல் தாளிலேயே எழுதலாம், ஆங்கிலக் கேள்விக்குப் பக்கத்து நெடுவரிசையில் தமிழைப் போடலாம். சிக்னல் இல்லாவிட்டாலும் போன் சேமித்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும். பிறந்த தேதி தெரியுமா என்று முதலில் கேட்கும்படி மாற்றினேன். தெரியும் என்றால் தடுப்பூசி அட்டையைப் படம் எடுக்கச் சொல்லும். தெரியாது என்றால் வயதை மாதத்தில் கேட்டு, தோராயம் என்றே குறித்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு கேள்வியையும் மேலாளர்களிடம் காட்டி, "இந்தப் பதிலை யார் படிக்கிறார்கள்?" என்று கேட்டேன். யாரும் படிக்காத கேள்விகளைத் தூக்கினோம். நிரல் எழுதுவதைவிட இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. காலாண்டு அறிக்கை இப்போது தானாகவே தயாராகிறது, அந்த வாரமும் களப்பணி நடக்கிறது. நான் ஐடியில் செய்த எந்த வேலையும் ஒரு மனிதரின் மாலை நேரத்தை இப்படித் திருப்பிக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

எக்செல் தாளில் கேள்வி எழுதுவதெல்லாம் தொழில்நுட்பமா என்று யாராவது வருவார்கள். ஒரே குழந்தையின் பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கும் பட்டியலில் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கும் பைத்தான் நிரல், மருத்துவத் தகவலை யார் யார் பார்க்கலாம் என்ற அனுமதி அமைப்பு, காப்புப் பிரதி எல்லாம் என் பொறுப்புதான். இன்னொன்று, அரசு அலுவலகங்களிலிருந்து வரும் பயனாளிப் பட்டியல். தமிழ்நாடு அரசு 2010லேயே, எந்தக் கருவியிலும் ஒரேபோலத் திறக்கும் யூனிகோடு எழுத்துக் குறியீட்டை ஏற்று ஆணை போட்டுவிட்டது. இன்னமும் எனக்கு வானவில் என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வருகின்றன. போனில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றினால் ஒற்றெழுத்து பாதி காணாமல் போகிறது. பெயர் பொருந்தாத குழந்தைக்கு உதவித்தொகை தள்ளிப்போகிறது.

சரி, பணம். நான் ஐடியில் வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் இங்கே சேர்ந்தேன். பெருநகரத்தில் பெரிய அமைப்புகள் இதைவிட நன்றாகவே கொடுக்கின்றன. சிறிய இடங்களில் ஏன் குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். நிதி பெரும்பாலும் இரண்டு வழியில் வருகிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இது ஒரு வழி. இன்னொன்று வெளிநாட்டு நன்கொடை. அதில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020 சட்டத் திருத்தம் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக வெட்டிவிட்டது. கம்ப்யூட்டர் ஆளின் சம்பளத்தை நிர்வாகச் செலவில் எழுதிவிட்டால் அந்த 20க்குள் கணக்காளர், வாடகை, மின்கட்டணம் எல்லாவற்றோடும் போட்டி போட வேண்டும். அதனால் உங்கள் பதவி எந்தத் திட்டத்தின் நிதியில், எத்தனை ஆண்டுக்கு என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். நிதி தீர்ந்தால் வேலையும் தீரும் என்பது இங்கே சகஜம். நேராகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பல இடங்களில் 'ஆலோசகர்' ஒப்பந்தம் நீட்டுவார்கள். 10 விழுக்காடு டிடிஎஸ் (வருமானவரி) பிடித்தம், பிஎஃப் கிடையாது, பணிக்கொடை கிடையாது. முழுநேரமும் அவர்களுக்கே உழைக்கப்போகிறீர்கள் என்றால் ஊழியராகவே எடுக்கச் சொல்லுங்கள். "சேவை மனப்பான்மை வேண்டும்" என்று சம்பளப் பேச்சைத் திருப்பும் இடத்தில் அந்த மனப்பான்மை உங்களிடம் மட்டும்தான் எதிர்பார்க்கப்படும். இப்படி எழுதினால் காசுக்காகத் தொண்டுக்கு வந்தவன் என்பார்கள். சொல்லட்டும். மருத்துவமனை நர்சையும் பள்ளி ஆசிரியரையும் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

இதைக் கேள்வியில் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனேன். சம்பளச் சீட்டு, படிவம் 16, வருமானவரித் தாக்கல், ஒரு தவணைகூடத் தவறாத பழைய கடன் எல்லாம் கொடுத்தேன். "உங்க எம்ப்ளாயர் எங்க லிஸ்ட்ல இல்ல சார்" என்று முடித்துவிட்டார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கும், வருடா வருடம் தணிக்கையாகும் அமைப்பு அது. நேற்று முளைத்து அடுத்த வருடம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் கம்பெனியின் ஊழியருக்கு அதே கிளையில் கடன் கிடைக்கிறது. என் வருமானத்தைப் பார்க்காமல் கம்பெனியின் பெயரை மட்டும் பார்ப்பது என்ன நியாயம்? கடைசியில் வேறொரு வங்கியில், கூடுதல் வட்டிக்கு வாங்கினேன். நீங்கள் வீடு வாங்கும் எண்ணத்தில் இருந்தால் வேலை மாறுவதற்கு முன்பே கடனை முடித்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது 'சாஃப்ட்வேர் டெவலப்பர்' என்று மட்டும் தேடாதீர்கள். எம்ஐஎஸ், கண்காணிப்பும் மதிப்பீடும், தரவு மேலாளர், டிஜிட்டல் திட்ட ஒருங்கிணைப்பாளர் ஆகிய பெயர்களில்தான் இந்த வேலைகள் ஒளிந்திருக்கின்றன. டெவ்நெட்ஜாப்ஸ் இந்தியா, ஐடியலிஸ்ட், லிங்க்ட்இன் மூன்றிலும் தினமும் பாருங்கள். விளம்பரமே கொடுக்காத அமைப்புகளும் உண்டு, அவர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசி ஆண்டறிக்கையைப் படியுங்கள். ஆண்டறிக்கையை வெளியிடாத இடம் எனக்குச் சந்தேகம்தான். விண்ணப்பத்தில் பத்து நிரல் மொழிகளின் பெயரை அடுக்குவதைவிட, குழப்பமான ஒரு தரவைச் சரிசெய்த கதையை நாலு வரியில் எழுதினால் கூப்பிடுவார்கள்.

எந்த ஊர், எதில் கை பழகியிருக்கிறது என்று இதன் கீழே எழுதுங்கள். ஓசூர், தர்மபுரிப் பக்கம் வரத் தயார் என்றால், எனக்குத் தெரிந்த ஓர் அமைப்பில் பைத்தானும் எஸ்க்யூஎல்லும் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். அந்த விளம்பரத்தை அனுப்புகிறேன்.