1964இல் இலங்கையின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியை விட்டுப் பிரிந்த புரட்சிகரப் பிரிவு என்ன ஆனது? அந்தச் சிறு குழுவால் தமிழர்களுக்கு ஏதாவது பயன் இருந்ததா?

சுருக்கமாகச் சொன்னால், கட்சியாக அது நிலைக்கவில்லை. ஆனால் சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்த கட்சியோடு ஓர் இடதுசாரிக் கட்சி ஆட்சியில் சேரலாமா என்று அது கேட்ட கேள்வி சரியானது. அந்தக் கேள்விக்குச் செவிகொடுக்காததன் விலையைத் தமிழர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள். கொழும்பில் வளர்ந்த எனக்கு இது வெறும் கட்சி வரலாறாகப் படுவதில்லை.

1963இல் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் பிலிப் குணவர்த்தனவின் கட்சியும் ஐக்கிய இடதுசாரி முன்னணி என்று ஒன்றுசேர்ந்தார்கள். தொழிற்சங்கங்கள் 21 கோரிக்கைகளை வைத்து ஒரே மேடைக்கு வந்தன. துறைமுகத்திலிருந்து தோட்டம் வரைக்கும் சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கோரிக்கைக்காக நின்ற காலம் அது. அந்த அலை எழும்பிக்கொண்டிருந்தபோதுதான் பிரதமரும் சுதந்திரக் கட்சித் தலைவியுமான சிறிமாவோ பண்டாரநாயக்க சமசமாஜக் கட்சியை அரசாங்கத்துக்குள் அழைத்தார்.

1964 ஜூன் 6, 7ஆம் திகதிகளில் கட்சியின் விசேட மாநாடு கூடியது. கூட்டரசாங்கத்தில் சேரலாம் என்ற கட்சித் தலைவர் என். எம். பெரேராவின் தீர்மானத்துக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாக்குகள். சேருவதானால் முன்னணி முழுவதும் சேர வேண்டும் என்ற கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்த்தன தரப்புக்கு 75. சேரவே கூடாது என்றவர்களுக்கு 159. தோற்ற கொல்வினும் லெஸ்லியும் கட்சியோடேயே இருந்துவிட்டார்கள். 159 வாக்குப் பெற்ற தரப்பு வெளியே வந்து லங்கா சமசமாஜக் கட்சி (புரட்சிகரப் பிரிவு) ஆனது. ட்ரொட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலமும் தாய்க் கட்சியை விலக்கிவிட்டு இவர்களையே தன் இலங்கைக் கிளையாக ஏற்றது. என். எம். நிதியமைச்சரானார், கட்சிக்கு மொத்தம் மூன்று அமைச்சுகள்.

வெளியே வந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. பாராளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் சமரக்கொடி, யுத்த காலத்தில் என். எம்., பிலிப், கொல்வின் ஆகியோருடன் சிறையிருந்து, 1942இல் கண்டி போகம்பறையிலிருந்து தப்பியவர். மொறட்டுவையின் மெரில் பெர்னாண்டோவும் பாராளுமன்ற உறுப்பினர். பாலா தம்பு 1948 முதல் இலங்கை வர்த்தக ஊழியர் சங்கத்தின், நாங்கள் சீ.எம்.யூ. என்று சொல்கிற சங்கத்தின், பொதுச் செயலாளர். வி. காரளசிங்கம், தமிழ் பேசும் மக்கள் சமஷ்டிக் கட்சியை (தமிழரசுக் கட்சியை) விட்டு இடதுசாரிகளோடு சேர வேண்டும் என்று 1963இல் சிறுநூல் எழுதி வாதாடியவர். அவர் எழுதி ஒரு வருஷத்துக்குள் அந்த இடதுசாரிக் கட்சியே சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்த கட்சியின் அமைச்சரவையில் போய் உட்கார்ந்தது. அவருடைய நூலை வாசித்து மனம் மாறிய தமிழ் இளைஞன் ஒருவன் இருந்திருந்தால் அவனிடம் என்ன சொல்வது?

விளைவு வரத் தாமதிக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது: 525,000 மலையகத் தமிழர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் 150,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம். 1948இல் மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமையை மறுத்த சட்டத்தை எதிர்த்து நின்ற கட்சியின் ஆட்கள் இப்போது அமைச்சர்கள். 1966 ஜனவரி 8இல், அப்போது பிரதமராக இருந்த யூ.என்.பி. (ஐக்கிய தேசியக் கட்சி) தலைவர் டட்லி சேனநாயக்க தமிழை அரச கருமங்களில் பயன்படுத்தக் கொண்டுவந்த பிரமாணங்களுக்கு எதிராக சுதந்திரக் கட்சியோடு இடதுசாரிகளும் கொழும்பில் ஊர்வலம் போனார்கள். ‘டட்லிகே படே மசால வடே’ (டட்லியின் வயிற்றில் மசாலா வடை) என்ற கோஷம் அந்தக் காலத்து அசிங்கம். 1956இல் ‘ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு’ என்று எச்சரித்த கொல்வின்தான் 1972 அரசியலமைப்பை உருவாக்கிய அமைச்சர். சிங்களம் மட்டும் அதில் அரசியலமைப்பு விதியாகவே ஏறியது. பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு காணாமற் போனது. 159 பேர் பயந்தது இந்தப் பாதையைத்தான்.

அவர்களிலும் குறை உண்டு. 1964 டிசம்பர் 3ஆம் திகதி சமரக்கொடியும் மெரிலும் எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து வாக்களித்தார்கள். அரசாங்கம் ஒரே வாக்கில் விழுந்தது. கூட்டரசாங்கத்தை எதிர்ப்பது சரி. ஆனால் யூ.என்.பி.யின் பக்கம் எண்ணப்படும் வாக்காக அதைப் போட்டது பெரிய பிழை என்பது என் அபிப்பிராயம். அதன் பின் அவர்கள் எதைச் சொன்னாலும் ‘யூ.என்.பி.க்குக் கதவு திறந்தவர்கள்’ என்று தாய்க் கட்சி வாயை அடைத்தது. 1965 தேர்தலில் இருவருமே தோற்றார்கள்.

பிறகு நடந்தது சிதறல்தான். காரளசிங்கம் தன் குழுவோடு தாய்க் கட்சிக்கே திரும்பினார். 1968இல் சமரக்கொடி தம்புவோடு முரண்பட்டு வெளியேறி வேறு கட்சி தொடங்கினார். அதே வருஷம் 19 வயதுக் கீர்த்தி பாலசூரியவைச் செயலாளராகக் கொண்டு இளைஞர்கள் புரட்சிக் கம்யூனிஸ்ட் கழகத்தை அமைத்தார்கள். இன்றைய சோசலிச சமத்துவக் கட்சி அதன் தொடர்ச்சி.

தம்புவிடம் மிஞ்சியது சங்கம். என் பெரியப்பா கோட்டையில் ஒரு ஏற்றுமதிக் கம்பனியில் கிளார்க். நான்காம் அகிலம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை. ஆனால் சம்பளப் பிரச்சினை என்றால் சிங்கள நண்பர்களோடு சேர்ந்து கொள்ளுப்பிட்டிச் சங்கக் கட்டடத்துக்குப் போவார். அவருக்குத் தெரிந்த இடதுசாரி இயக்கம் அதுதான். அந்தக் குழுவின் பலமும் பலவீனமும் இதில் தெரிகிறது: சங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள், அவர்களில் மிகச் சிலரே கட்சிக்கு வந்தார்கள். தம்பு 2014இல் இறக்கும் வரை, 66 வருஷம், அதே பதவியில் இருந்தார். அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அடுத்த தலைமுறைத் தலைமை வளராமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

‘பிரியாமல் உள்ளேயிருந்தே போராடியிருக்கலாமே’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே இருந்தவர்கள் 1970இல் மறுபடி சிறிமாவோவின் அரசாங்கத்துக்குப் போனார்கள், 1975இல் வெளியேற்றப்பட்டார்கள், 1977 தேர்தலில் ஓர் ஆசனம்கூட வெல்லவில்லை.