நிமிர்த்திய கட்டடம் ஏன் குட்டையாகத் தெரிகிறது?

கேள்வி: ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை எதிரே நின்று படம் எடுத்தேன். முழுதாக வர வேண்டும் என்று கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்ததில், கட்டடம் பின்பக்கம் சாய்வதுபோல் வந்துவிட்டது. ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் மேல் மூலைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் கோடுகளை நேராக்கினேன். இப்போது கட்டடம் குட்டையாக இருக்கிறது. மேல்தளம் முன்னால் கவிழ்வதுபோலவும் தெரிகிறது. பக்கவாட்டில் நிறைய வெட்டுப்பட்டும் போனது. எங்கே தவறினேன்?

பதில்: தவறவில்லை, பாதி வேலையில் நிறுத்திவிட்டீர்கள். கோடுகளை நிமிர்த்துவது முதல் பாதி. சாய்த்து எடுத்ததில் கட்டடம் இழந்த உயரத்தைத் திருப்பிக் கொடுப்பது இரண்டாவது பாதி. பெரும்பாலானவர்கள் முதல் பாதியோடு விட்டுவிடுகிறார்கள். கோடு நேராக இருப்பதைக் கண் உடனே பார்த்துவிடும், உயரம் குறைந்திருப்பதை அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. நீங்கள் அதைக் கவனித்திருப்பதே நல்ல அறிகுறி.

இந்தச் சாய்வுக்கு லென்ஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரும் கட்டடத்தின் முகப்பும் இணையாக இருக்கும்வரை நிமிர்ந்த கோடுகள் நிமிர்ந்தே வரும், லென்ஸ் எவ்வளவு அகலமானதாக இருந்தாலும் சரி. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததும் அந்த இணை கெட்டுவிடுகிறது. மேலே போகப் போகச் சுவர் குறுகுகிறது. அதோடு உயரமும் சுருங்குகிறது, அதுவும் அகலத்தைவிட வேகமாக.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 19.5 மீட்டர் உயரம், 15 மீட்டர் அகலம் உள்ள கட்டடம். நீங்கள் 20 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், 20 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. படத்தில் கட்டடத்தின் உச்சி அகலம் அடி அகலத்தில் 73 சதவீதம்தான் வரும். ஆனால் உயரத்தில், அடியில் 1 மீட்டர் 100 பிக்சல் பிடித்தால் உச்சியில் அதே 1 மீட்டருக்கு 54 பிக்சல்தான் கிடைக்கும். மூலைகளை இழுத்துக் கோடுகளை நேராக்கும் பெர்ஸ்பெக்டிவ் கருவி தளங்களுக்கு இடையேயான ஏற்றத்தாழ்வைத் தானாகவே சரிசெய்துவிடும். மொத்த உயரம் எவ்வளவு என்பது மட்டும் அதற்குத் தெரியாது. நீங்கள் செய்ததுபோல் மேல் மூலைகளை வெளியே மட்டும் இழுத்தால், உயரம் அகலத்தைப் போல் 1.04 மடங்கில் நின்றுவிடும். உண்மையில் 1.3 மடங்கு இருக்க வேண்டும். அதாவது உயரத்தை இன்னும் 25 சதவீதம் நீட்டினால்தான் அது அந்தக் கட்டடம்.

சரி, உங்கள் படத்துக்கு எத்தனை சதவீதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகப்பிலேயே அளவுகோல் இருக்கிறது. வட்டமான ஜன்னலோ கடிகாரமோ இருந்தால் அது முட்டையாக இல்லாமல் வட்டமாகும்வரை நீட்டுங்கள். சதுர ஓடு பதித்திருந்தால் அதுவும் போதும். எதுவும் இல்லாவிட்டால், தரைத்தள ஜன்னல் ஒன்றை டேப் வைத்து அளந்துவிடுங்கள், நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஜன்னல் 120 சென்டிமீட்டர் அகலம், 150 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கோடுகளை நிமிர்த்திய பிறகு அது படத்தில் 240-க்கு 240 பிக்சலில் சதுரமாக நிற்கிறது. உயரம் 300 பிக்சல் இருக்க வேண்டும், ஆக 25 சதவீதம் நீட்ட வேண்டும். ஒரு ஜன்னலுக்குச் சரியானால் அதே சுவரில் உள்ள எல்லாவற்றுக்கும் சரியாகிவிடும். அளக்கும் ஜன்னல் முகப்புச் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது முக்கியம். பால்கனிக்குள் தள்ளி இருக்கும் கதவை அளந்து பயனில்லை.

இனி ஜிம்ப்பில் செய்யும் முறை. முதலில் லென்ஸின் வளைவை எடுத்துவிடுங்கள். வைட் லென்ஸில் ஓரச் சுவர் பீப்பாய்போல வெளியே வளைந்திருக்கும், வளைந்த கோட்டை எந்தப் பெர்ஸ்பெக்டிவ் கருவியாலும் நேராக்க முடியாது. அப்புறம் பெர்ஸ்பெக்டிவ் கருவியை எடுத்து, டைரக்‌ஷன் என்ற இடத்தில் கரெக்டிவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மூலைகளை இழுத்தால் படம் அசையாது, படத்தின் மீதுள்ள கட்டக் கோடுகள்தான் அசையும். அந்தக் கோடுகள் கட்டடத்தின் இடது, வலது விளிம்புகளின் சாய்வோடு பொருந்தும்வரை நகர்த்திவிட்டு டிரான்ஸ்ஃபார்ம் கொடுங்கள். கண்ணளவில் வெளியே இழுப்பதைவிட இது எவ்வளவோ துல்லியம். இடப்பக்க அளவுகோலிலிருந்து கைடு எனப்படும் நேரான உதவிக் கோடு ஒன்றை இழுத்துச் சுவர் விளிம்பில் வைத்துப் பாருங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதுபோல்தான் இதுவும். கடைசியாக ஸ்கேல் கருவியில் அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலிக் குறியைத் திறந்துவிட்டு, உயரத்தை மட்டும் கணக்குப்படி கூட்டுங்கள்.

எந்தக் கோட்டை நம்புவது என்பதிலும் கவனம் வேண்டும். சுவர் விளிம்பு, ஜன்னல் சட்டம் ஆகியவை நம்பகமானவை. விளக்குக் கம்பம், மழைநீர்க் குழாய், பாதி திறந்த கதவு ஆகியவற்றை நம்பாதீர்கள். மேலே குறுகும்படியே கட்டிய தூணும் கோபுரமும் ஆளை ஏமாற்றிவிடும், அவற்றை நேராக்கினால் கட்டியவருக்குச் செய்யும் அநியாயம். ஒன்றுக்கொன்று தள்ளி, படத்தின் இரு ஓரங்களிலும் உள்ள கோடுகளை எடுங்கள். அருகருகே இருக்கும் இரண்டு கோடுகளை வைத்து நிமிர்த்தினால் சிறிய பிழையும் ஓரத்தில் பெரிதாகிவிடும்.

லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். லென்ஸின் வளைவை நீக்கும் லென்ஸ் ப்ரொஃபைலை முதலில் போட்டுவிட்டு, டிரான்ஸ்ஃபார்ம் பகுதியில் கைடட் என்பதில் இரண்டு நிமிர்ந்த கோடுகளை வரைந்தால் போதும். நான்கு கோடுகள் வரை வரையலாம். ஆனால் முகப்பை நேர் எதிரே நின்று எடுக்காமல் மூலையிலிருந்து எடுத்திருந்தால் கிடைக் கோடுகளைத் தொடாதீர்கள், இயல்பாக ஓடும் சுவர் விகாரமாகிவிடும். கட்டடம் குட்டையாகத் தெரிந்தால் ஆஸ்பெக்ட் ஸ்லைடரை வலப்பக்கம் நகர்த்துங்கள். ஆட்டோ, ஃபுல் போன்ற பொத்தான்களை அழுத்தினால் ஏற்கெனவே செய்த க்ராப் (ஓரம் வெட்டுதல்) கலைந்துவிடும், அதனால் க்ராப் கடைசி வேலையாக இருக்கட்டும். இலவசமாக வேண்டுமென்றால் டார்க்டேபிள் இருக்கிறது. அதன் ரொட்டேட் அண்ட் பெர்ஸ்பெக்டிவ் பகுதியில் லென்ஸின் குவியத் தூரத்தைக் கொடுக்கலாம், ஆஸ்பெக்டையும் தனியாகச் சரிசெய்யலாம். போனில் ஸ்னாப்சீட்டின் பெர்ஸ்பெக்டிவ் அவசரத்துக்கு உதவும். காலியாகும் ஓரங்களை அது தானாகவே நிரப்பும்போது இல்லாத சுவர் முளைக்கிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து, மேல்தளம் கவிழ்வதுபோல் தெரிகிறது என்றீர்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கண்ணளவில் இழுக்கும்போது ஒரு நூல் கூடுதலாகப் போயிருக்கலாம். உச்சி அகலம் அடியைவிட ஒரே ஒரு சதவீதம் கூடினாலும் கட்டடம் தலைகனத்து நிற்கும். கைடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. உங்கள் படத்தில் நான்காவது மாடி ஜன்னலைப் பெரிதாக்கிப் பாருங்கள். சன்ஷேடின் அடிப்பாகம் தெரியும், பால்கனியின் அடித்தளமும் தெரியும். கீழே நின்று பார்த்தவருக்கு மட்டும் தெரியும் காட்சி அது. சாஃப்ட்வேர் கோடுகளை நிமிர்த்தும், நீங்கள் நின்ற இடத்தை மாற்றாது. சன்ஷேடின் அடிப்பாகம் அண்ணாந்து பார்க்கிறாய் என்கிறது, சுவர்க் கோடு நேரே பார்க்கிறாய் என்கிறது. இந்த முரண்தான் கவிழும் உணர்வைத் தருகிறது. கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும்படி கட்டடக் கலைப் படங்களுக்கென்றே வரும் ஷிஃப்ட் லென்ஸை அதே இடத்தில் வைத்து எடுத்தாலும் இதே உருவம்தான் கிடைக்கும், அதிலும் இந்த முரண் இருக்கும்.

அதனால் மிக அருகில் நின்று எடுத்த உயரமான கட்டடத்தை நான் நூல் பிடித்தாற்போல் நிமிர்த்துவதில்லை. முழுதாக நிமிர்த்திவிட்டு, பத்தில் ஒரு பங்கு சாய்வைத் திரும்பக் கொடுத்துவிடுவேன். லைட்ரூமில் வெர்டிகல் ஸ்லைடரைச் சற்றுத் தளர்த்தினால் போதும். பார்ப்பவருக்கு அது சாய்வாகத் தோன்றாது, கட்டடம் தரையில் உட்கார்ந்துவிடும். வரைபடத்தோடு ஒப்பிடவோ அளவு எடுக்கவோ போகும் படம் என்றால் மட்டும் முழுதாக நிமிர்த்துங்கள். இதை விதியாகச் சொல்லவில்லை. என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பக்கவாட்டில் வெட்டுப்பட்டதற்கு, எடுத்து முடித்த படத்தில் செய்ய அதிகமில்லை. ஓரத்தில் வானமும் தரையும் மட்டும் காலியானால் பக்கத்துப் பகுதியை நகலெடுத்து ஒட்டும் க்ளோன் கருவியால் நிரப்பலாம். சுவரே போயிருந்தால் மறுபடி எடுப்பதுதான் நேர்மை. அப்படி எடுக்கப் போனால் சாய்க்காமலே எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். மேலே போட்ட கணக்கில், ஃபுல் ஃப்ரேம் (36-க்கு 24 மி.மீ. சென்சார்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸை நெடுக்கில் பிடித்து, இன்னும் 4 மீட்டர் பின்னால் போய், கேமராவின் லெவல் காட்டியைப் பார்த்து மட்டமாக நிறுத்தினால் கட்டடத்தின் உச்சி சட்டத்தின் மேல் விளிம்பைத் தொட்டுவிடும். கைப்பிடிச் சுவருக்கு மேலே கொஞ்சம் வானம் வேண்டுமென்றால் இன்னும் ஓரிரு மீட்டர் போங்கள். படத்தின் கீழ்ப்பாதி கிட்டத்தட்ட முழுவதும் தரைதான் இருக்கும், அதை வெட்டி எறியுங்கள். இவ்வளவு வெட்டினால் தெளிவு போய்விடுமே என்று பயம் வரும். மேல்தளத்தைப் பொறுத்தவரை ஒன்றும் போகாது. சாய்த்து எடுத்த படத்தில் உச்சி அகலத்துக்குக் கிடைத்திருந்த பிக்சல்களும் ஏறத்தாழ இவ்வளவுதான், சாஃப்ட்வேர் அவற்றை இழுத்துப் பெரிதாக்கியதுதான் வித்தியாசம்.

பின்னால் போக இடமே இல்லையென்றால் எதிர்க் கட்டடத்தின் 2-ஆவது மாடியிலிருந்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பாதி உயரத்துக்கு ஏறிவிட்டால் சாய்க்க வேண்டிய தேவையே இருக்காது, சன்ஷேடின் அடிப்பாகமும் அவ்வளவாகத் தெரியாது. அதுவும் முடியாதபோது சாய்த்தே எடுங்கள், ஆனால் கட்டடத்தின் இருபுறமும், முக்கியமாக அடிப்பகுதியில், தாராளமாக இடம் விட்டு எடுங்கள். மேலே விரிக்கும்போது உச்சிக்குப் பக்கத்தில் உள்ள வானம்தான் சட்டத்தை விட்டு வெளியே போகும். அடிப்பகுதிக்குப் பக்கத்தில் விட்ட இடம், விரித்த பிறகு முழுக் கட்டடத்துக்கும் ஓரமாக நிற்கும்.