அப்புச்சியின் நோட்டும் குலை நோயும்

கடிதம்:

வணக்கங்க. கோபிப் பக்கம் நெல்லும் மஞ்சளும் போடுகிறோம். என் அப்பா எண்பதுகளில் விவசாயம் படித்தவர். அவருடைய பழைய நோட்டில் நெல் குலை நோய்ப் பூசணமான பைரிகுலேரியாவுக்கு எதிரே "டியூட்டிரோமைசீட்ஸ், முழுமையற்ற பூஞ்சைகள்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். இப்போது வேளாண்மை படிக்கும் என் மகள் "அப்படி ஒரு வகுப்பே கிடையாதுங்க அப்புச்சி" என்கிறாள். அவருக்கு மனசு சங்கடமாகிவிட்டது. அவர் படித்தது தப்புங்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பில்லைங்க. அன்றைக்கு அதுதான் பாடம்.

பால் சேர்க்கைக்குப் பிறகு பூஞ்சை எப்படி வித்து வைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் குலம் பிரித்தார்கள். பைக்குள் வைத்தால் ஒன்று, காளானைப்போல வெளியே தாங்கி நின்றால் இன்னொன்று. அப்படி எதையுமே காட்டாமல், சேர்க்கை இல்லாத வித்தை மட்டும் உதிர்த்துப் பெருகுகிற ஆயிரக்கணக்கான பூசணங்களை எங்கே வைப்பது? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு 'முழுமையற்றவை' என்றார்கள். அந்தப் பேர்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மஞ்சளை நாம் விதை போட்டா வளர்க்கிறோம், தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு ஊன்றித்தானே வருகிறோம், அதை யாராவது குறைப்பயிர் என்பார்களா?

ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் நடந்த வேலை சாதாரணமானதில்லை. இத்தாலியில் பதுவா நகரத்துச் சக்கார்டோ 1882-லிருந்து பூஞ்சைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, வித்தின் நிறம், வடிவம், குறுக்குச் சுவர் எத்தனை என்று பார்த்து அடுக்கினார். உங்கள் வயலிலேயே பார்க்கலாம். கண் வடிவத்தில், நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாக இருக்கும் குலை நோய்ப் புள்ளியை வெட்டி, ஈரத்தாளோடு மூடிபோட்ட டப்பாவில் ஓர் இரவு வைத்தால் சாம்பல் பூத்து வரும். அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பேரிக்காய் மாதிரி வித்துகள், ஒவ்வொன்றிலும் இரண்டு குறுக்குச் சுவர். பைரிகுலேரியா என்ற பேரே அந்தப் பேரிக்காயிலிருந்து வந்ததுதான். அடையாளம் காண இன்றைக்கும் இந்த முறை போதும், உறவு சொல்லத்தான் உதவாது.

பிரான்சில் துலான் சகோதரர்கள் 1861 முதல் 1865 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகளிலேயே, ஒரே பூஞ்சை இரண்டு மூன்று உருவங்களில் வரும் என்று அற்புதமான படங்களோடு காட்டியிருந்தார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலி தனி, கிழங்கு தனி, விலையும் தனி. காட்டில் இரண்டும் ஒரே தூரில் வந்தவை. பூஞ்சைக்கும் அப்படித்தான், உருவத்துக்கு ஒன்றாக இரண்டு பேரைப் பேர் வைக்கும் சட்டமே அனுமதித்தது. புல்லில் வாழும், குலை நோய்ப் பூசணத்தின் நெருங்கிய சொந்தம் ஒன்றை 1971-ல் ஆய்வகத்தில் சேர்த்து வளர்த்தபோது பைவித்து கிடைத்தது. பிறகு அந்த உருவத்துக்கு மேக்னபோர்த்தே என்று தனிப் பேர் வந்தது, குலை நோய்ப் பூசணத்தையும் அந்தப் பேரில் அழைத்தார்கள்.

அப்புறம் டிஎன்ஏவை ஒப்பிட்டு உறவு சொல்லும் முறை வந்தது, சேர்க்கையைப் பார்க்கக் காத்திருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் உங்கள் வயலிலேயே இருக்கிறது. குலை நோயும் இலையுறைக் கருகலும் ஒரே நெல்லில் வருபவை, அப்பாவின் நோட்டில் இரண்டுமே இந்த வகுப்பில்தான் இருக்கும். கருகலை உண்டாக்கும் ரைசாக்டோனியா சேர்க்கை இல்லாத வித்துகூட வைக்காது, வெறும் பூசண இழையும் பழுப்பு முடிச்சும்தான், அதற்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. உண்மையில் குலை நோய்ப் பூசணம் பைவித்துக் குலம், ரைசாக்டோனியா காளான் குலம். அவ்வளவு தூரத்துச் சொந்தங்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்திருந்தோம்.

2011-ல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு, ஒரு பூஞ்சைக்கு ஒரே பேர் என்று முடிவு செய்தது. 2013 ஜனவரி 1 முதல் இரட்டைப் பேர் முறை இல்லை. பிறகு ஆய்வாளர் குழு ஒன்று கூடி, குலை நோய்க்கு மேக்னபோர்த்தேயை விட்டுவிட்டுப் பழைய பைரிகுலேரியாவையே வைத்துக்கொள்ளப் பரிந்துரைத்தார்கள். அப்பா அடிக்கோடு போட்ட வகுப்பு போய்விட்டது, அவர் எழுதிய பேர் நிற்கிறது. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மார்கழிப் பனியில் புள்ளி விழுந்தால் மகளை அந்த டப்பா வேலையைச் செய்யச் சொல்லுங்கள். மைக்ரோஸ்கோப்பில் முதலில் அப்புச்சி பார்க்கட்டும்.