வாசகர் கேள்வி பதில்: மலேசியாவுல கடலோரத்து வீடுன்னா இன்சூரன்ஸ் கெடையாதா?

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க ஊத்தான் மெலிந்தாங் பக்கம். வீட்டுக்காரரு தோட்டத்துல மண்டோரா (மேற்பார்வையாளரா) இருந்து ரிட்டயர் ஆனவரு, அவரு இபிஎப் காசும் மவன் பேர்ல பேங்க் லோனுமா தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) ஒரு டெரஸ் வீடு வாங்கினோம். பெரிய ஆயர் பாசாங் (கடல் ஏத்தம்) அன்னைக்கு பண்டு, அதாவது தண்ணியத் தடுக்குற கரை, ஒடைஞ்சு முட்டிக்கால் அளவு தண்ணி உள்ள வந்து சோபா, பிரிட்ஜு, மெத்தை எல்லாம் போச்சு. இப்ப இன்சூரன்ஸ் போடலாம்னு கேட்டா ஏஜண்டு தம்பி "அக்கா ஒங்க ஏரியாவுக்கு வெள்ளம் சேக்க முடியாது"ன்னு சொல்லிட்டாரு. லோன் எடுக்கும்போதே இன்சூரன்ஸ்னு காசு பிடிச்சாங்களே, அது எதுக்கு?

பதில்: அக்கா, மொதல்ல அந்த லோன் காசு விஷயத்த முடிச்சிடுவோம், ஏன்னா தோட்டத்துலேருந்து வெளிய வந்து வீடு வாங்கின நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு இதுலதான் ஏமாந்து நிக்கிறாங்க. லோனோட பிடிச்சது எம்ஆர்டிஏவா இருந்தா அது ஒங்க மவனோட உயிருக்குப் போட்டது, அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மிச்சக் கடன அடைக்கும், வீட்டுக்குள்ள தண்ணி வந்தா அதுல ஒரு காசு வராது. அதத் தவிர பேங்க் வருஷா வருஷம் பிடிக்கிறது ஒண்ணு இருக்கும், அதத்தான் பாக்கணும். அதுல பேரு வெறும் 'ஃபயர்'னு இருந்தா தீ, இடி மின்னல், வீட்டு கேஸ் வெடிக்கிறது, அவ்வளவுதான். 'ஹவுஸ்ஓனர்'னு இருந்தா வேற கதை. நம்ம நாட்டு ஹவுஸ்ஓனர் பாலிசியில வெள்ளம், புயல்காத்து, பைப்பு வெடிக்கிறது, கதவ ஒடைச்சுத் திருடுறதுன்னு நெறைய உள்ளயே இருக்கும். மவன விட்டு பேங்க்ல பாலிசி காப்பி கேக்கச் சொல்லுங்க, ஷெட்யூல் தாளையும் பின்னாடி ஒட்டியிருக்குற எண்டோர்ஸ்மெண்டையும் (பாலிசிய மாத்துற சேர்க்கைத் தாளையும்) சேத்துப் படிக்கணும், ஏன்னா தண்ணி வர்ற ஏரியான்னு தெரிஞ்சா முன்னாடி குடுத்த வெள்ளத்த பின்னாடி ஒரு பாராவுல எடுத்துருப்பாங்க.

சில வீட்ல காப்பி எடுத்துப் பாத்தா வெள்ளம் உள்ளயேதான் இருக்கும், நாமதான் கிளைம் பண்ணாம சோபாவத் தூக்கி எறிஞ்சிருப்போம்! ஆனா ஹவுஸ்ஓனர்ங்கிறது கட்டடத்துக்கு மட்டும், அதாவது செவரு, தரை, கதவு, வயரிங். ஒங்க பிரிட்ஜுக்கும் மெத்தைக்கும் 'ஹவுஸ்ஹோல்டர்'னு தனியா இருக்கணும். பேங்குக்கு அதோட கடன்தான் கவலை, ஒங்க மெத்தை எதுக்கு அதுக்கு.

இப்ப அந்தத் தம்பி சொன்னதுக்கு வர்றேன். அவரு பொய் சொல்லல, ஆனா அவரு சொன்னது அவரோட கம்பெனியப் பத்தி மட்டும்தான், மத்த கம்பெனியப் பத்தி அவருக்கு என்ன லா தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குக்குத் தகுந்த மாதிரிதான் ஏரியாவப் பாக்கும், ஒருத்தன் மாட்டேன்னா இன்னொருத்தன் எக்ஸஸ் கூட வெச்சு, அதாவது சேதத்துல மொத இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) ஒங்க கைக்காசுன்னு சொல்லி ஒத்துக்குவான். இஸ்லாமிய முறை இன்சூரன்ஸான தக்காஃபுலும் கேளுங்க, அது இஸ்லாம் ஆளுங்களுக்கு மட்டும்னு நம்ம சனம் நெனைக்குது, அப்படி இல்ல, யாரும் எடுக்கலாம்.

கேக்கும்போது ஒண்ணு மட்டும் செஞ்சிடாதீங்க. "இதுக்கு முன்னாடி வெள்ளம் வந்துருக்கா"ன்னு பாரத்துல கேப்பாங்க, அங்க இல்லன்னு எழுதிக்கலாம்னு எந்த ஏஜண்டு சொன்னாலும் கேக்காதீங்க. 2013 நிதிச் சேவைச் சட்டத்தோட 9வது அட்டவணைப்படி தெரிஞ்சத உண்மையாச் சொல்ல வேண்டியது ஒங்க பொறுப்பு, தெரிஞ்சே மாத்திச் சொன்னா கிளைம் நேரத்துல பாலிசியையே செல்லாதுன்னு சொல்லிடலாம். வருஷா வருஷம் காசக் கட்டிட்டு கடைசியில அப்படிக் கேக்குறதுக்கு போடாமலே இருந்துக்கலாம்.

தொகை எவ்வளவு போடுறதுன்னா, வீடு வாங்கின வெல இல்ல, மறுபடி கட்ட எவ்வளவு ஆகுமோ அது, நெலத்துக்கு வெல சேராது. கம்மியாப் போட்டு பிரீமியம் மிச்சம் பிடிக்கப் பாக்காதீங்க. கட்ட 200,000 வெள்ளி ஆகுற வீட்ட 100,000க்குப் போட்டு 40,000க்குச் சேதமாச்சுன்னா பாதிதான் போட்டிருக்கன்னு 20,000தான் கணக்குப் பண்ணுவாங்க, அதுலயும் எக்ஸஸ் கழியும். இன்னொண்ணு, நம்ம கடலோர மண்ணு களிமண்ணு, போர்ச்சு எறங்குறது செவரு விரியுறதெல்லாம் சர்வ சாதாரணம். மண்ணு எறங்குறது ஹவுஸ்ஓனர்ல சேராது, வேணும்னா கூடக் காசு கட்டிச் சேக்கணும்.

கிளைம்ல தகராறு வந்தா மொதல்ல கம்பெனிக்கே எழுதுங்க, அவங்க முடிவான பதில் வந்து 6 மாசத்துக்குள்ள, இந்த மாதிரி புகாரத் தீத்து வைக்கிற எஃப்எம்ஓஎஸ் ஒம்புட்ஸ்மனுக்குப் போகலாம், 2025லேருந்து அதுதான், காசு கெடையாது. பாலிசியே குடுக்க மாட்டேன்னு சொல்றது வேற, அது கம்பெனியோட வியாபார முடிவு, அதுக்கு சண்ட போட்டு பிரயோசனம் இல்ல, அடுத்த கம்பெனியப் பாருங்க.

கேள்வி: அண்ணே, கேரித்தீவுலேருந்து எழுதுறேன். மச்சான் அமெரிக்காவுல புளோரிடாவுல இருக்காரு, அங்க கடலோர வீட்டுக்கு கம்பெனியெல்லாம் ஓடிப்போகுதாம். இங்கயும் அப்படி ஆகுமா?

பதில்: தம்பி, மச்சான் சொல்றது நெசம்தான். அங்க 1992ல ஆண்ட்ரூன்னு ஒரு சூறாவளி அடிச்சு பல கம்பெனி திவாலாச்சு, பெரிய கம்பெனிங்களும் பயந்து ஒதுங்க ஆரம்பிச்சுது. யாரும் குடுக்காத வீட்டுக்கெல்லாம் போடுறதுக்காக 2002ல மாநிலமே சிட்டிசன்ஸ்னு ஒண்ண வெச்சுது. கடைசிப் புகலிடமா இருக்க வேண்டியது, 2022ல இயன் சூறாவளிக்கு அடுத்த வருஷம் பத்து லட்சத்துக்கு மேல பாலிசி வெச்சுக்கிட்டு மாநிலத்துலயே பெருசா நின்னுச்சு. 2023ல ஃபார்மர்ஸ் கம்பெனி தன் பேர்ல விக்கிற பாலிசிய அங்க நிறுத்திடுச்சு. அதவிட ஆச்சரியம், அங்க சாதாரண வீட்டு இன்சூரன்ஸ்ல வெள்ளமே கெடையாது. அதுக்கு 1968லேருந்து அரசாங்கத் திட்டம் தனியா, வீட்டுக்கு அதிகபட்சம் 250,000 டாலர், அதுவும் பொதுவா காசு கட்டி 30 நாள் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும், வானிலை அறிக்கையப் பாத்துட்டு ஓடிப்போய் வாங்க முடியாது.

நமக்கு அந்தச் சூறாவளி இல்ல. நம்ம ஊர்ல தண்ணி எப்படி வருதுன்னு தோட்டத்துல வளந்த ஒங்களுக்குச் சொல்லணுமா. கடல் ஏறும்போது தண்ணிக் கதவ அடைச்சிடுவாங்க, அந்த நேரம் பாத்து உள்ள மழை பிடிச்சா பாரீட்டு (வாய்க்கா) தண்ணிக்குப் போக எடமே இல்ல, செம்பனைத் தோட்டத்துக்குள்ள ஏறி அப்புறம் வீட்டுக்கு வருது. பண்டு நல்லா இருந்தா தப்பிச்சோம். அதனால ஒரேயடியா எல்லாக் கம்பெனியும் ஓடும்னு நான் நெனைக்கல, ஆனா வெல ஏறும். 2021 டிசம்பர்ல ஷா ஆலம் ஸ்ரீ மூடா முங்கினப்ப அந்த வெள்ள சீசன் முழுக்க நாட்டுக்கு ஆன சேதம் 6.1 பில்லியன் வெள்ளின்னு புள்ளியியல் துறை கணக்குச் சொல்லுச்சு. நம்ம கம்பெனிங்களும் வெளிநாட்டுல மறுகாப்பீடு, அதாவது தங்களுக்கே ஒரு இன்சூரன்ஸ், வாங்குறவங்கதான், அங்க வெல ஏறினா இங்க எறங்கவா போகுது. பண்டு பாக்குறது ஜேபிஎஸ்ஸா (அரசாங்க வடிகால் பாசனத் துறையா) தோட்டக் கம்பெனியான்னு ஒருத்தர ஒருத்தர் கை காட்டுறத நிறுத்தினாலே நெறைய வீட்டுக்கு பாலிசி கெடைக்கும்ங்கிறது என் எண்ணம்.

கேள்வி: நாங்க இன்னும் தோட்டத்து லயத்துலதான் இருக்கோம், பலகை வீடு, ஜிங்கு கூரை. எங்களுக்கு ஏதாச்சும் உண்டா ஐயா?

பதில்: வீடு கம்பெனியோடது, அதுக்கு நீங்க போட முடியாதும்மா, சொந்தமில்லாததுக்கு பாலிசி நிக்காது. ஆனா உள்ள இருக்குற சாமான் ஒங்களுது, ஹவுஸ்ஹோல்டர் கேக்கலாம். பலகை வீடுன்னா செங்கல் வீட்ட விட கூடக் கேப்பாங்க, சில பேரு வேணாம்பாங்க. வருமானம் கம்மியான குடும்பத்துக்குன்னு பெர்லிண்டுங்கான் தெனாங் முத்திரை போட்ட திட்டங்களும் இருக்கு, அதுல வீட்டு சம்பந்தமானது எது, வெள்ளம் சேருதான்னு கேட்டுட்டு எடுங்க.

தாலி, அட்டிகைய மறந்துடாதீங்க. வழக்கமான பாலிசியில தங்கம் வெள்ளி நகையெல்லாம் சேத்து மொத்தத் தொகையில மூணுல ஒரு பங்குக்கு மேல போகாது, தனித்தனியா எழுதாத ஒத்த சாமானுக்கு 5 விழுக்காடுதான். 30,000 வெள்ளிக்குப் போட்டா ஒரு சங்கிலிக்கு 1,500தான் வரும்னு வெச்சுக்கங்க, இன்னைக்கு வெலைக்கு அது மோதிரத்துக்கே பத்தாது. பெரிய நகைய வெலையோட தனியா எழுதச் சொல்லுங்க, கடை ரசீத படம் எடுத்து மவள் போனுக்கும் அனுப்பி வைங்க.

கேள்வி: சிங்கப்பூர்ல வேலை, பந்திங் வீடு பூட்டியே கெடக்கு. பாலிசி செல்லுமா?

பதில்: பாலிசி வருஷத்துல மொத்தம் 90 நாளுக்கு மேல ஆளில்லாம இருந்தா, விட்டு விட்டுக் கணக்குப் போட்டாலும் சரி, திருட்டுக்கு உள்ள கவர் நின்னுடும். ஊருக்கு வந்து ஒரு ராத்திரி படுத்துட்டுப் போனா கணக்கு திரும்ப சைபர்லேருந்து ஆரம்பிக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. கம்பெனிக்கு எழுதி, பூட்டின வீடுன்னு சொல்லி, என்ன கூடக் கட்டணும்னு கேளுங்க.