ஓ.ஆர்.எஸ். குடித்ததும் வாந்தி எடுத்தால் என்ன செய்வது?

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். (உப்பு, குளுக்கோஸ் பொடி கரைத்த நீர்) கொடுத்தால் குடித்த கையோடு வாந்தி எடுத்துவிடுகிறான். பேதியும் நிற்கவில்லை. வீணாகிறதே என்று பாக்கெட்டை மூன்றாகப் பிரித்துக் கரைக்கிறேன். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள். கொடுக்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். தாகத்தில் இருக்கும் குழந்தை டம்ளரைக் கண்டால் மடக்மடக்கென்று குடித்துவிடும். வயிறு தாங்காமல் அப்படியே வெளியே வந்துவிடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் ஊட்டுங்கள். ஒரு டீஸ்பூன் 5 மி.லி.தானே என்று தோன்றும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் 300 மி.லி. உள்ளே போயிருக்கும்! இந்த வயதில் ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மி.லி. கொடுத்தால் போதும்.

பேதி நிற்கவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். பேதியை நிறுத்துவது ஓ.ஆர்.எஸ்.ஸின் வேலை இல்லை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே குடல் சுவருக்குள் நுழைகின்றன. தண்ணீர் அவற்றைப் பின்தொடர்கிறது. பேதியின்போதும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை.

இதற்கு அளவு சரியாக இருக்க வேண்டும். அதனால் பாக்கெட்டைப் பிரிக்கவே கூடாது. பொடியைக் கண்ணளவில் பிரித்தால் கரைசல் கெட்டியாகிப் பேதியைக் கூட்டலாம். நீர்த்துப்போனால் உப்பு போதாது. சில பாக்கெட் 1 லிட்டருக்கு, சில 200 மி.லி.க்கு. அட்டையில் உள்ள அளவைப் பார்த்து, சுத்தமான நீரில் முழுவதையும் கரையுங்கள். சர்க்கரை, பழச்சாறு எதுவும் சேர்க்காதீர்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வீண் என்று பார்க்காதீர்கள்.

தாய்ப்பாலும் வழக்கமான உணவும் தொடரட்டும். துத்தநாக மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வயதுக்கு வழக்கமாக நாளுக்கு 20 மி.கி., 10 முதல் 14 நாள் தருவார்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம்.

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண்கள், கண்ணீர் வராத அழுகை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, துவண்டு கிடப்பது, ஸ்பூனில் கொடுத்தும் எதுவும் தங்காதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். நடுராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். போகும் வழியிலும் ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே போகலாம், குழந்தை விழித்திருந்து விழுங்கினால் மட்டும்.