கடைவாய்ப் பல்லுக்கு ஜிர்கோனியா கேப் போடுவதா, ஈமேக்ஸ் போடுவதா?

உங்கள் மருத்துவர் சொன்ன ஜிர்கோனியாவையே போட்டுக்கொள்ளுங்கள். 12 ஆண்டுகளாகப் பல் லேபில் கேப் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வேர் சிகிச்சை முடிந்த கீழ்க் கடைவாய்ப் பல், எதிர்ப் பல்லோடு இடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான், தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கும் பழக்கமும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நண்பர் புகழும் ஈமேக்ஸ் அருமையான பொருள்தான். ஆனால் இந்த இடத்துக்கு அது வேண்டாம்.

ஈமேக்ஸ் என்பது லித்தியம் டைசிலிகேட். கண்ணாடிக்குள் படிகங்கள் வளர்ந்த பீங்கான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையும் இயந்திரத்துக்குள் போகும்போது அது ஊதா நிறக் கட்டியாக இருக்கும். முழு வலிமை இன்னும் ஏறாததால் வைர முனைக்குச் சிரமமில்லாமல் இடம்கொடுக்கும். கடைந்ததைச் சூளையில் சுமார் 840 டிகிரி வரை சூடேற்றி எடுத்தால் ஊதா மறைந்து பல்லின் நிறம் வந்துவிடும். இன்றும் சூளை திறக்கும் நேரம் வந்தால் கைவேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன். அழகில் அதற்கு இணை குறைவு. ஆனால் கடைவாயில் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் கிடைக்காவிட்டால் எனக்கு அதில் நம்பிக்கை வராது.

ஜிர்கோனியாவும் ஒரு பீங்கான்தான், ஆனால் கண்ணாடி கலக்காதது. கடையும்போது சாக்குக்கட்டி போலத்தான் இருக்கும். நகம் பட்டாலே ஓரம் உதிரும். ஏறக்குறைய 1500 டிகிரியில் சுடும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், கணினி அந்த அளவுக்குப் பெரிதாகவே கடைந்து தரும். வெந்து வந்த பிறகு அதன் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் திறன், 1000 மெகாபாஸ்கலைத் தொடும். லித்தியம் டைசிலிகேட்டுக்கு 400, 500தான். விரிசல் விழுந்தாலும் அதன் நுனியிலுள்ள படிகங்கள் சற்றே பருத்து விரிசலை நெருக்கிப் பிடிக்கும். பல்லைக் கடிப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் ஜிர்கோனியா என்றால் எல்லாம் ஒன்றல்ல. அதில் கலக்கும் இட்ரியா என்ற ஆக்சைடின் அளவைக் கூட்டக் கூட்ட ஒளி நன்றாக ஊடுருவும், வலிமை குறையும். முன்பல்லுக்கென்று வரும் 5 சதவீத வகையின் வலிமை ஏறக்குறைய பாதிதான். விரிசலை நெருக்கும் குணமும் அதில் இல்லாத மாதிரிதான். உங்களுக்கு 3 சதவீத வகைதான் வேண்டும். உத்தரவாத அட்டையில் எத்தனை ஆண்டு என்று பார்ப்பதைவிட இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அழகை மட்டும் பார்த்து நானே தவறியிருக்கிறேன். ஓர் அம்மாவின் மேல் முன்பல்லுக்கு ஒளி ஊடுருவும் லித்தியம் டைசிலிகேட்டில் கேப் செய்தேன். அச்சில் மாட்டிப் பார்த்தபோது குறையே இல்லை. வாயில் வைத்ததும் பல்லுக்குள் தாங்கலுக்கு வைத்திருந்த உலோகத் தூணின் நிழல் சாம்பலாகத் தெரிந்தது. மறுவாரம் அவர் மகளுக்குத் திருமணம். இரண்டு இரவு உட்கார்ந்து, ஒளி புகாத ஜிர்கோனியா உள்கூட்டின்மேல் பீங்கான் அடுக்கி வேறு செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து அடிப்பல்லின் நிறம் தெரியும் புகைப்படம் வராமல் முன்பல் வேலையைத் தொடுவதில்லை.

கேப்பைப் பொருத்தும் நாளில் கடி சரியாக அமைய அங்கங்கே தேய்ப்பார்கள். தேய்த்த இடத்தை மறுபடி பளபளப்பாக்கச் சொல்லுங்கள். வழவழப்பான ஜிர்கோனியா எதிர்ப் பல்லை அதிகம் தேய்க்காது. சொரசொரப்பாக விட்டால் அரைத்துவிடும்.