டாலிஸ்கர் 18-இல் புகை எங்கே போனது?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். பல வருடமாக டாலிஸ்கர் 10 என்ற பத்து வருட ஸ்காட்ச் விஸ்கியைத்தான் குடிக்கிறேன். மச்சான் விமான நிலையக் கடையில் டாலிஸ்கர் 18 வாங்கி வந்தார். முதலில் வழக்கமான பத்து, அப்புறம் பதினெட்டு என்று ஊற்றினோம். அந்தப் புகையும் மிளகுக் காரமும் காணோம், சப்பென்று இருந்தது. போலியா? என் 10 பாட்டிலை எட்டு வருடம் அலமாரியில் வைத்தால் அதுவும் பதினெட்டு ஆகிவிடுமா?

பதில்: சீல் உடையாமல், ரசீதோடு வந்த பாட்டிலை இந்தச் சுவையை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. பீப்பாயில் கழிந்த வருடங்களும் நீங்கள் குடித்த வரிசையும்தான் காரணம்.

மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, உலர்த்தும்போது பீட்டை (சதுப்பில் செடிகள் மக்கிச் சேர்ந்த மண்) எரிப்பதால் ஏறுவதுதான் அந்தப் புகை. (நீலகிரி உச்சியின் சதுப்புகளிலும் பீட் உண்டு.) பீப்பாயில் வருடங்கள் கூடக்கூடப் புகையின் வேகம் தணியும். ஓக் மரத்திலிருந்து வனிலா வாசமும் தேன் போன்ற இனிப்பும் மெல்லிய துவர்ப்பும் ஏறும். தேயிலை அதிக நேரம் ஊறினால் வருகிற துவர்ப்பை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பாட்டிலிலும் ஆல்கஹால் 45.8 சதவீதம்தான். ஆக, நீங்கள் உணர்ந்த வித்தியாசம் பெரும்பாலும் பீப்பாயின் வேலை.

காட்டமான புகைக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும். பத்தைக் குடித்த கையோடு வந்தால் பதினெட்டின் அடங்கிய புகை தெரியாது. அதனால் அடுத்த முறை பதினெட்டை முதலில் ஊற்றுங்கள். வயதில் சின்னதுதான் முதலில் என்ற பழக்கம் புகை விஸ்கிக்குப் பொருந்தாது. சாப்பாட்டுக்கு முன்னால், வாய் சுத்தமாக இருக்கும்போது குடிப்பது நல்லது.

உங்கள் ஊர்க் குளிரையும் கணக்கில் எடுங்கள். டிசம்பர் ராத்திரியில் அலமாரியிலிருந்து எடுத்த விஸ்கியில் வாசம் மேலே வராது. ஐஸ் வேண்டவே வேண்டாம். வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, உள்ளங்கையில் பத்து நிமிடம் பிடித்திருங்கள். முதலில் அப்படியே ஒரு வாய், பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு இன்னொரு வாய். விழுங்கிய பிறகு தொண்டையில் எது தங்குகிறது என்று கவனியுங்கள். பதினெட்டின் மிளகு அங்கேதான் வரும், தாமதமாக. அதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். ஆனால் புகைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் பத்திலேயே இருங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

அலமாரி விஷயம்: ஆகாது. பிரிட்டன் சட்டப்படி ஸ்காட்ச் விஸ்கி ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருக்க வேண்டும். லேபிளில் உள்ள எண், கலந்தவற்றில் மிக இளையது பீப்பாயில் கழித்த வருடங்கள். கண்ணாடிக்குள் போனதும் அந்தக் கணக்கு நின்றுவிடும். திறந்த பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கினால் உள்ளே காற்று சேர்ந்து வாசம் மங்கும், சின்ன பாட்டிலுக்கு மாற்றி, வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள்.